விளையாட்டுப் பாடவேளையைப் பிள்ளைகளிடமே விடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஒன்பதாம் வகுப்பு. எங்காவது ஒரு பள்ளியில் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள், ஆசிரியரை எதிர்த்துப் பேசினார்கள் என்று செய்தி வந்தால் எங்கள் குழுக் கூட்டத்தில் உடனே ஒரு குரல் எழும்: “நீதிபோதனை வகுப்பைத் திரும்பக் கொண்டு வரணும்.” சொல்கிறவர்களின் கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது வேறு. கால அட்டவணையில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற விளையாட்டு, ஓவியம், தையல், நூலகப் பாடவேளைகள் எல்லா வகுப்புக்கும் வருஷம் முழுக்க நடக்க வேண்டும். அவற்றை நடத்துகிறவர்கள் முழு நேரமும் பள்ளியில் இருக்க வேண்டும்.

ஏன் இதைப் போய் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். எங்கள் பள்ளியின் கபடி அணியைப் பார்த்தால் புரியும். ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்கு இந்தப் பக்கத் தெருப் பையன்கள் பாதிப் பேர், அந்தப் பக்கத் தெருப் பையன்கள் பாதிப் பேர். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றால் என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் தனித்தனியாக நிற்கிற பையன்கள்தான். கபடியில் பாடி வருகிறவனை மடக்க வேண்டும் என்றால் பிடிக்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்க வேண்டும். ஒருவன் கையை விட்டால் வந்தவன் தப்பிவிடுவான். “கோத்த கைய விடாதடா!” என்று பி.டி. சார் கத்துவார். புழுதியும் வியர்வையுமாகக் கோத்த கையோடு நாலைந்து பேர் ஒருவன் மேல் ஒருவனாக விழுவார்கள். எழுந்ததும் எல்லாரும் ஒரே பாட்டிலில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பார்கள். யாரும் அவர்களுக்கு ஒற்றுமையைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தாலும் அந்த வயசுப் பையன்கள் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

பத்தாம் வகுப்பு வந்ததும் அது நின்றுவிடுகிறது. முதல் இடைத்தேர்வு முடிகிற வரைக்கும் வாரத்தில் ஏதோ ஒரு நாள் மைதானத்துக்கு விடுவார்கள். காலாண்டு முடிந்தால் அதில் கணக்கு. அரையாண்டுக்குப் பிறகு அட்டவணையில் ‘உடற்கல்வி’ என்று எழுதியிருக்கும் கட்டத்தில் அறிவியல் ஒரு மதிப்பெண் தேர்வு. காலையில் எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், சனிக்கிழமையும் பள்ளி. பதினைந்து வயதுப் பிள்ளை நாள் முழுக்க ஒரே பெஞ்சில்.

இதற்கு எங்கள் தலைமை ஆசிரியரையோ பாட ஆசிரியர்களையோ நான் குறை சொல்ல மாட்டேன். முதன்மைக் கல்வி அலுவலரின் மீளாய்வுக் கூட்டத்தில் அவர்களிடம் கேட்கப்படுகிற முதல் கேள்வி தேர்ச்சி விழுக்காடு. போன வருஷம் எத்தனை, இந்த வருஷம் எத்தனை, எந்தப் பாடத்தில் எத்தனை பேர் போனார்கள். நூற்றுக்கு நூறு காட்டிய பள்ளிக்குப் பாராட்டு, குறைந்த பள்ளிக்கு விளக்கம். உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மாதம் எத்தனை தடவை விளையாடினார்கள் என்று யாரும் அங்கே கேட்பதில்லை. கேட்காத ஒன்றைக் காப்பாற்றி வைக்க எந்தத் தலைமை ஆசிரியரால் முடியும்?

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். முப்பத்தைந்து மதிப்பெண் வாங்குவார்களா என்று சந்தேகப்படும் பிள்ளைகளை மெல்லக் கற்போர் என்று பட்டியல் போட்டுத் தனியாக உட்கார வைக்கிறார்கள். கையில் குறைந்தபட்சக் கற்றல் கையேடு. படிக்க வைப்பது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கபடி அணித் தலைவன் அந்தப் பட்டியலில் இருந்தான். மைதானத்தில் அவன் சொன்னால் பத்துப் பேர் கேட்பார்கள். யாரை எங்கே நிறுத்தணும், யாருக்கு மூச்சு வாங்குது, யாருக்கு முட்டியில் அடி என்று அவனுக்குத் தெரியும். வகுப்பறையில் அவன் கடைசிப் பெஞ்சு. வாரத்தில் ஒரு தடவை அவனுக்குப் பள்ளியில் மரியாதை கிடைத்த இடத்தையும் பிடுங்கிவிட்டு, அவனிடம் பொறுப்பு இல்லை, பள்ளிமேல் அக்கறை இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதியின் பெயரால் தனக்கு நடந்த தொல்லையைப் பள்ளியில் சொன்னதுதான் அவர் செய்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஓர் எட்டாம் வகுப்பு மாணவன் தன்னோடு படித்தவனை வகுப்பறைக்குள்ளேயே வெட்டினான், தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். எட்டாம் வகுப்பு! நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயரை நீக்குவது, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் நியமிப்பது என்று பல பரிந்துரைகள். கயிறு கட்டக் கூடாது என்று எங்கள் பள்ளி வாசலிலும் எழுதிப் போட்டார்கள். வரவேற்கிறேன். ஆனால் கயிற்றை அவிழ்த்த பையனுக்கு அடுத்த தெருப் பையனோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டாமா? அந்த வேலை இருக்கிற இடம் மைதானம், ஓவிய அறை, நாடக ஒத்திகை. பாடப் புத்தகத்தோடு ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிற இடத்தில் அது நடக்காது.

சரி, நீதிபோதனைக்கு வருகிறேன். அறநூல் பிள்ளைகளுக்கு இல்லாமல் இல்லை. 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொன்ன பிறகு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அறத்துப்பாலும் பொருட்பாலும் பாடத்தில் வந்துவிட்டன. என் மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது, குறளின் கடைசிச் சொல்லைக் கொடுத்து ‘என முடியும் குறளை எழுதுக’ என்று கேட்கிற இரண்டு மதிப்பெண் கேள்விக்காகக் குறள்களைக் கடைசிச் சொல்லின்படி வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்தாள். பொருள் கேட்டால் தயங்குவாள். நேரம் இல்லையம்மா என்பாள். இன்னொரு புத்தகம், இன்னொரு வகுப்பு என்று எது வந்தாலும் இப்படித்தான் மதிப்பெண்ணுக்குள் போய் முடியும் என்று பயப்படுகிறேன்.

வெளியிலிருந்து பேச்சாளர்களை அழைத்து வந்து தன்னம்பிக்கை ஊட்டுவது இன்னொரு வழியாக இருந்தது. 2024இல் சென்னையில் இரண்டு அரசுப் பள்ளிகளில் அப்படி வந்த ஒருவர், முற்பிறவிப் பாவத்தால்தான் உடல் குறையோடு பிறக்கிறார்கள் என்கிற மாதிரிப் பேசினார். அந்தக் கூட்டத்திலேயே பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் எழுந்து அதை எதிர்த்துக் கேட்டார். அந்தக் காணொளியை என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். “அம்மா, அந்த சார் எவ்ளோ தைரியமா கேக்கறார் பாரு” என்றான் மகன். பேச்சாளர் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடுவார். அந்த ஆசிரியர் மறுநாளும் அதே பிள்ளைகள் முன்னால் வகுப்பெடுக்க வருவார். பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பேரை நியமித்தார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். அப்புறம் ஊதியம் சில தடவை உயர்ந்திருக்கிறது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து உட்கார்ந்து போராடுவதும் வருஷா வருஷம் நடக்கிறது.

எங்கள் பள்ளித் தையல் டீச்சர் அப்படிப் பகுதிநேரமாக வந்தவர். அவர் வகுப்பில் ஆறேழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஹெம்மிங் போடுவார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். எதிரே நின்று “என்னம்மா பிரச்சினை?” என்று கேட்டால் வாயே திறக்காத பெண், ஊசியைப் பார்த்தபடி, தனக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்பு. டீச்சர் அதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னார், வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போனார், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் தகவல் போனது, கல்யாணம் நின்றது. அந்தப் பெண் இப்போது பள்ளியில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பள்ளியில் அது தலைமை ஆசிரியர் அறை வாசலில் மாட்டியிருக்கிறது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் போய் ஒரு பெண் சீட்டுப் போட மாட்டாள். அவள் டீச்சரிடம் சொன்னாள். அன்று டீச்சர் வராத அரை நாளாக இருந்திருந்தால் யாரிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

துறை நல்லது செய்யவில்லை என்று நான் எழுதவில்லை. கலைத் திருவிழாவில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாவட்ட அளவில் பறை அடித்து ஆடியதைப் பார்த்து அழுத அம்மாக்களில் நானும் ஒருத்தி. 2024இல் வந்த ‘மகிழ் முற்றம்’ எனக்கு மிகவும் பிடித்த திட்டம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் கலந்து ஐந்து அணியாக்குவது, தெருவாரியாகச் சேர்கிற கூட்டத்தை உடைக்கிற வேலை. ஆனால் அணி பிரித்து, சார்ட் ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பிய பிறகு அந்த ஐந்து அணியும் எப்போது ஒன்றாகக் கூடும்? அதற்கும் அட்டவணையில் நேரம் வேண்டும், பொறுப்பாசிரியருக்கு இணையதளப் பதிவு வேலையிலிருந்து விடுதலை வேண்டும். இரண்டும் இல்லாமல் நல்ல திட்டம்கூடச் சுவரில் தொங்குவதோடு நின்றுவிடுகிறது.

பதினொன்றாம் வகுப்பைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். 2025-26 முதல் அந்த வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று மாநிலக் கல்விக் கொள்கையில் அறிவித்தீர்கள். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மூச்சு விட ஒரு வருஷம். ஆனால் 2017-18இல் அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்னால் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. கண்காணிப்பு இல்லை என்றால் மறுபடியும் அதுதான் நடக்கும். அரசுப் பள்ளிகளும் போட்டிக்குப் பயந்து பின்னால் போகும். இந்த ஒரு வருஷத்தையாவது நாடகம், விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், நூலகம், ஊர்க் கள ஆய்வு என்று பிள்ளைகள் தங்களைக் கண்டுகொள்ளும் வருஷமாக வைத்திருங்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். பத்து, பன்னிரண்டு உட்பட எந்த வகுப்பின் உடற்கல்வி, கலைப் பாடவேளையையும் வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அனுப்பியதோடு விடாமல், மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு முன்னால் அதைப் பற்றிக் கேளுங்கள். பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை முழுநேரமாக்குங்கள், ஒன்பது, பத்து வகுப்புகளுக்கும் அவர்களைக் கொடுங்கள். நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் பள்ளியில் எழுநூறு பேருக்கு மேல் படிக்கிறார்கள். அந்த ஆலோசகர் எப்போது வருவார் என்று எங்கள் குழுவுக்கு ஒரு பதில் வேண்டும்.

பாடவேளை நடக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை மேலாண்மைக் குழுக்களுக்குக் கொடுத்தால் பெற்றோர்கள் நாங்கள் செய்யத் தயாராக இருக்கிறோம். நூற்றுக்கு நூறு வேண்டும் என்று தலைமை ஆசிரியரை நெருக்குகிறவர்களில் எங்கள் ஊர்ப் பெற்றோரும் உண்டு. அவர்களிடம் பேசுவது எங்கள் வேலை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சுற்றறிக்கை மட்டும் இந்த வருஷ அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்துவிடட்டும். ஜனவரியில் வந்தால் இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது உதவாது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர்,
விழுப்புரம் மாவட்டம்