பாய் மாமா நோட்டு

பிராம்ப்டன், கனடா
8.2.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. நீங்கள் போட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது. பாய் மாமா இறந்த செய்தி எனக்கு அன்றே தெரியும், அக்கா வாட்ஸ்அப்பில் இரண்டு வார்த்தையில் போட்டிருந்தாள். அன்றே உங்களிடம் பேசியிருக்க வேண்டும். ஆனால் போனில் நான் கத்துவதும், நீங்கள் "ஆங்? ஆங்?" என்பதும், நடுவில் அம்மா வாங்கி உங்கள் காதில் திரும்பச் சொல்வதுமாக, பாய் மாமா மௌத்தான விஷயத்தை அப்படிப் பேச மனம் வரவில்லை. எழுதிவிடலாம் என்று இருந்தேன். இருந்து இருந்து இத்தனை நாள் ஓடிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்பதை நீங்கள் சொல்லாமல் சொல்லியிருப்பதும் புரிந்தது.

"மூன்று பிடி மண் போட்டேன்" என்று ஒரே வரியில் எழுதி, அடுத்த வரியில் கரண்ட் பில்லுக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நேற்றுக் காலை மைனஸ் 17. மூக்குக்குள் இருக்கிற முடி விறைத்துக்கொள்கிறது, சொன்னால் அம்மா நம்பமாட்டாள். பனி உறைந்து யாரும் வழுக்கி விழக் கூடாது என்று வாசலில் உப்பைக் கொட்டுகிறார்கள். கல் உப்பு, மூட்டை மூட்டையாக! உப்பைக் காலில் மிதிக்கிறோமே என்று முதல் வருஷம் நான் தாண்டித் தாண்டி நடந்தேன். வேதாரண்யத்திலிருந்து ஒரு கப்பல் உப்பு கொண்டுவந்தால் இங்கே பெரிய முதலாளி ஆகிவிடலாம், அத்தானிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டு சர்தார் தாத்தாவைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். காலை ஐந்து மணிக்கே எழுந்து தன் வாசலில் தொடங்கி, எங்கள் வாசல், அதற்கடுத்த வாசல் என்று தெருமுனை வரைக்கும் பனியைத் தள்ளிவிட்டுத்தான் நிற்பார். தள்ளி முடித்ததும் ஒவ்வொரு வீட்டையும் பார்த்துச் சோம்பேறிகள் என்று திட்டுவார். என்னைப் பார்த்தால் மட்டும் ஒரே கேள்வி: "மெட்ராஸ் இன்னைக்கு எவ்வளவு?" நான் 30 என்பேன். ஏதோ ஜோக் கேட்ட மாதிரி விழுந்து விழுந்து சிரிப்பார். நாகப்பட்டினம் வேறு, மெட்ராஸ் வேறு என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவர்தான் என்னைக் குருத்வாராவுக்கு அழைத்துப் போனார். பொழுது போகட்டும் என்று சனி, ஞாயிறு போய்க்கொண்டிருந்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் போகிறேன். தலையில் துணி கட்டிக்கொண்டு வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். ரொட்டி போடும்போது இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். பருப்பு, காய், சில நாள் பாயசம் மாதிரி ஒன்று. யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. சாப்பிட்டு முடித்ததும் நான் பின்பக்கம் போய் எவர்சில்வர் தட்டு கழுவுகிறேன். வெந்நீர் வருகிறது, கைக்கு இதமாக இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். வேலை போய்க்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் வேர்ஹவுஸில் ஷிஃப்ட் கொஞ்சம் குறையும், எல்லாருக்கும் அப்படித்தான்.

அக்கா செய்தி போட்ட மறுநாள் தாத்தா வழக்கம்போல மெட்ராஸ் எவ்வளவு என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என்னவென்று கேட்டார், சொன்னேன். அன்று சாயங்காலம் குருத்வாராவில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, பெயரை எழுது, பிரார்த்தனையில் சொல்லச் சொல்கிறேன் என்றார். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன் அப்பா. பாய் மாமா, பாய் மாமா என்றே கூப்பிட்டு, முழுப் பெயர் சட்டென்று வரவில்லை. அவர் துணிக்கடை போர்டைக் கண்ணுக்குள் கொண்டுவந்து, அதில் இருந்த எழுத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். அவர் முஸ்லிம் என்றும் சொன்னேன். அதனால் என்ன என்பதுபோலப் பார்த்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது ஊரில் எல்லாரும் மாமாவை மகான் என்பார்கள். கடையில் மகா கஞ்சன் என்பது நமக்குத் தெரியும். கட்பீஸில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் ஐம்பது வசனம் பேசுவார். டீ வாங்கினால் ஒன்றை இரண்டாக்கி உங்களுக்குப் பாதி. அந்த மனுஷன் தான், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, கடையில் இருந்த வெள்ளை மல் துணி அத்தனையையும் இறக்கினார்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீங்கள் அன்று அக்கரைப்பேட்டை பக்கம் சித்தப்பாவைத் தேடிப் போய்விட்டீர்கள். அம்மா என்னை மாமா கடையில் விட்டிருந்தாள். எனக்கு எட்டு வயது. துணியின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், மாமா மறுமுனையில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, டர்ரென்று ஒரே இழுப்பில் கிழிப்பார். மீட்டர் கம்பி மேஜைமேலேயே கிடந்தது, அதை எடுக்கவில்லை. பெரியவர்களுக்கு என்று கொஞ்ச நேரம் கிழித்தோம். அப்புறம் ஒரு பையன் ஓடிவந்து, "சின்னப் பிள்ளைங்களுக்கு வேணும் பாய், நிறைய" என்றான். மாமா என்னை நிற்கச் சொல்லி, என் தலைக்குமேல் துணியைப் பிடித்து, குதிகால் வரை இறக்கி அளந்தார். கத்தரியை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். துணியைச் சுருட்டி அந்தப்பக்கம் போட்டுவிட்டு, "நீ வீட்டுக்குப் போ தம்பி, ஓடு" என்றார். எதற்குத் துரத்தினார் என்று அன்று புரியவில்லை. கோபித்துக்கொண்டு போனேன்.

நம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அடக்கம் செய்ய ஆள் போதாமல், ஜமாஅத்துப் பையன்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு இறங்கியபோது, மாமா மட்டும் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு போனார். நீங்கள்தான் காட்டியிருக்கிறீர்கள். "பெண், முப்பது இருக்கும். ஊதாப் புடவை. வலது முழங்கையில் பச்சை, வேல். தாலி இருக்கிறது." "ஆண் பிள்ளை, அரைஞாண் கறுப்பு." ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த இடத்தில் குழி, எத்தனையாவது என்று. பெயர் தெரியாமல் புதைத்தாலும் தேடி வருபவர்களுக்குச் சொல்ல ஏதாவது வேண்டாமா என்பார். வந்தார்களே! வேளாங்கண்ணிக்கு வந்து பிள்ளையைத் தொலைத்த ஒருவர் இரண்டு வருஷம் கழித்து வந்து, ஒற்றைக் கால் கொலுசு என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மாமி உள்ளிருந்து சொம்பில் தண்ணீர் அனுப்பினார்கள்.

அதன்பிறகு இருபது வருஷம், பெரியாஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்தால் மாமாவுக்குத்தான் போன். கையில் பச்சை, கழுத்தில் ருத்ராட்சம் என்றால் உங்களைக் கூப்பிடுவார். சிலுவை என்றால் உபதேசியாரை. நீங்கள் ஒரு பதிகம் சொல்லி முடிக்கும்வரை மாமா தொப்பியைக் கழற்றாமல், வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்பார். வருகிற வழியில் அரசியல் பேசி நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் போய், மறுநாள் சேர்ந்து பாதி டீ குடிப்பீர்கள். இனி அந்தப் பாதி டீயை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

இன்னும் பத்து நாளில் நோன்பு. ஐந்தரை மணிக்கு வாசல் திண்ணையில் தூக்கு வைக்கிற சத்தம் கேட்கும், உடனே அம்மா "கஞ்சி வந்துடுச்சு" என்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் கறி போடுவதற்கு முன்பே நமக்குத் தனியாக எடுத்துவைத்து அனுப்புவார்கள், தூக்கின் காதில் ஒரு நூல் கட்டி, அடையாளத்துக்கு. போன ஞாயிறு நானே செய்து பார்த்தேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, இஞ்சி பூண்டு, டின்னில் வருகிற தேங்காய்ப்பால். புதினா வாங்கவில்லை, ஒரு கட்டு என்ன விலை தெரியுமா? வெந்தயம் கூடிப்போய்க் கசந்தது. கசந்தாலும் முழுவதையும் சாப்பிட்டேன். பேஸ்மென்ட்டில் ஜன்னல் தரை மட்டத்தில் இருக்கும், வெளியே பனி மூடிவிட்டால் மணி தெரியாது. ஐந்தரை ஆகிவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும்போல இருக்கிறது அப்பா.

சரி, அதை விடுங்கள். முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, கோபப்படாமல் படியுங்கள். 2022-ல் நான் கிளம்பும்போது குறைந்த பணத்தை நண்பன் கொடுத்தான் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். 1,50,000 ரூபாய் மாமா கொடுத்தது. உங்களிடம் சொல்லக் கூடாது என்றது நான், மாமா இல்லை. வட்டி பேச்சே கிடையாது. ஆனால் கடன் என்றால் எழுதி வைக்க வேண்டும், எங்கள் மார்க்கத்தில் அப்படித்தான் என்று இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்து வாங்கினார். என் பிரதி பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கிற ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைலை வருஷா வருஷம் வெயிலில் காயவைப்பது அம்மா, அதனால் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இதுவரை 65,000 அனுப்பியிருக்கிறேன். மீதி 85,000. கடைசியாகப் போட்டது ஆகஸ்டில்.

அடக்கத்தன்று, வாப்பா யாருக்காவது தர வேண்டியிருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று மாமா மகன், கடை அண்ணன், கூட்டத்தில் சொன்னதாக அக்கா சொன்னாள். நாம் தர வேண்டியதை நாம்தானே போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு நீங்கள் அண்ணனைப் பாருங்கள். மாமி இத்தா இருக்கிறார்கள், கணவர் போன துக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம், மே வரை இருக்கும், அதனால் அம்மா மட்டும் உள்ளே போய்ப் பார்க்கட்டும். வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அக்கா நகையில் கை வைக்காதீர்கள், மாடி ஒழுகலுக்கு வைத்திருப்பதையும் எடுக்க வேண்டாம். வாய்தா மட்டும் கேளுங்கள், நான் அனுப்புகிறேன். இந்த மாதம் கொஞ்சம் தள்ளும்.

குட்டிப் பாப்பா காதுகுத்தைச் சித்திரைக்குத் தள்ளிவைக்கலாம் என்றால் தள்ளுங்கள், மோதிரம் என் கணக்கு என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் காது மெஷினுக்குப் பேட்டரி மாற்றினீர்களா?

கடையை ஒழிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். பழைய பேப்பர்காரன் வருவதற்கு முன்னால் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நீலப் பைண்டு, கல்லாவுக்குக் கீழ் இழுப்பறையில், இலவச காலண்டர்களுக்கு அடியில் இருக்கும். நம் பீரோவில் மேல்தட்டில் வையுங்கள், கீழ்த்தட்டில் மழைத் தண்ணீர் வருகிறது.

நீங்கள் பொங்கல் படி என்று கவருக்குள் வைத்திருந்த 500 ரூபாய் கிடைத்தது. இங்கே இதை எங்கே மாற்றுவது அப்பா? இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். மாமா கணக்கில் சேர்த்துவிடுங்கள். மீதி 84,500.

தம்பி