வண்டி எத்தனை நாள் நின்றது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பா நடவு முடிந்துவிட்டது. மழையும் பிடித்துக்கொண்டது, பட்டறையில் ஈரம் காய மாட்டேன் என்கிறது. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையாமே. ‘அப்பாகிட்ட சொல்லாதே’ என்று நீ சொன்னதையும் சேர்த்தே அம்மா சொல்லிவிட்டாள். திருத்துறைப்பூண்டியிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். என் மகள் வண்டிக்கு என்ன என்று மட்டும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. போனில் கேட்டால் ‘எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புது பேட்டரி போடச் சொல்கிறார்களாம். போடாதே. இருப்பது போன வருஷம் போட்டது. பழுதைப் பார்க்காமல் மாற்றினால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் அதுவும் இறங்கும். காசை இப்போது பார்த்துச் செலவு செய்.

காலேஜில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்த மல்டிமீட்டர் உன்னிடம்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பேட்டரியில் வைத்துப் பார். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலி மாதிரிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஆனால் முழுக்க சார்ஜ் ஏற்றிவிட்டு அப்புறம் பார்க்க வேண்டியது அது. காலியாகக் கிடக்கும் பேட்டரியைச் சோதித்துவிட்டு ‘கெட்டுப்போச்சு’ என்று சொல்வது நியாயமில்லை.

சாவி போட்டதும் டேஷ்போர்டில் பேட்டரி படம் எரிய வேண்டும், எஞ்சின் ஓடினதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் அதுவும் பழுதுதான். பிறகு எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருக்கிறதா பார். ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போட்டு இன்னொரு தடவை பார். 13-க்குக் கீழே வந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் பெல்ட், கார்பன், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்று தேட வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அப்படியே ஓட்டாதே, பேட்டரி தண்ணீர் கொதித்துவிடும். புது மாடல்களில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று வோல்ட்டைக் குறைத்து வைப்பதும் உண்டு. உன் வண்டி அந்த ரகமா என்று கேட்டுக்கொள்.

எர்த்தை மறக்காதே. எஞ்சின் ஓடும்போது, லைட் போட்டபடி, பேட்டரி மைனஸுக்கும் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நடுவில் மீட்டரை வை. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் சரியில்லை. வேதாரண்யம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றில் அந்த போல்ட் அரித்துப்போய், நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். நீயும் மெட்ராஸில் கடலோரம்தான் இருக்கிறாய்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்க யாரையும் விடாதே. பழைய ஆட்கள் அப்படிச் செய்வார்கள். ஒரு நொடியில் வோல்ட் எகிறி கம்ப்யூட்டர் போய்விடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் அடுத்ததுக்கு வர வேண்டும். அதைத்தான் நான் ராத்திரி படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். எல்லாம் அணைத்துப் பூட்டிய வண்டியிலும் கடிகாரம், லாக், கம்ப்யூட்டர் என்று 50 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். உன்னுடையது 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பாதி இறங்கவே இரண்டு வாரம் ஆகும். மூன்று நாளில் காலியாக வேண்டுமென்றால் அரை ஆம்பியர் ஒழுக வேண்டும். அப்படி ஒழுகினால் ஆல்டர்னேட்டர் டயோடாக இருக்கலாம், டிக்கி லைட்டாக இருக்கலாம், வண்டியில் இருக்கும் அந்தக் கேமராவாகவும் இருக்கலாம். மைனஸ் ஒயரைக் கழற்றி, அந்த ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து, அரை மணி நேரம் காத்திருந்து, பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எதில் குறைகிறதோ அதில்தான் பழுது.

ஆனால் பாப்பா, நீ தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகும் வண்டி இது. போக வர நாற்பது கிலோமீட்டர். ‘ரொம்ப நாள் நின்னுடுச்சும்மா’ என்று நீ சொன்னதாக அம்மா சொல்கிறாள். எத்தனை நாள்? மூன்று நாள் என்றால் வண்டியில் பழுது இருக்கிறது, கண்டுபிடித்துவிடலாம். ஒரு மாதம் என்றால் வண்டியில் ஒரு பழுதும் இல்லை.

நான் வேறெதுவும் கேட்கவில்லை. வண்டி எத்தனை நாள் நின்றது என்று மட்டும் எழுது.

2018-இல் கஜா புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது, டிராக்டர் பேட்டரிகளை வரிசையாக வைத்துத் தெருவுக்கே செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தோமே. எந்த போன் எந்த ஒயரில் என்று நோட்டு போட்டு எழுதியது நீ. ஒரு போன் மாறவில்லை. பட்டறைக்கூரை பறந்துபோய் நமக்கு வருமானமே இல்லாத சமயம் அது. அப்போதும் வீட்டில் அடுப்பு எரிந்தது. உன் பீஸும் கட்டினோம். இப்போது கூரை சிமெண்ட் போட்டாயிற்று, கடன் எதுவும் இல்லை. சித்தப்பாவிடம் கேட்க வேண்டிய நிலைமையும் இல்லை. இதை நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னோடு படித்தவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, என் மகள் ஆர்மேச்சர் சுற்றவே தெரிந்தவள் என்றுதான் நான் சொல்வேன். கம்பெனி பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

மெக்கானிக் அவசரப்படுத்தினால் ‘அப்பா பார்க்கணும்’ என்று சொல்லிவிடு. தேவைப்பட்டால் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கிவிடுவேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், ரூமுக்கு நானே வந்துவிடுகிறேன். இல்லை, நீ இங்கே வந்து கொஞ்ச நாள் இருந்தாலும் சரி. வண்டி அங்கேயே நிற்கட்டும், மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு வா.

பேட்டரி போடாதே. நாள் கணக்கை எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: ஆம்பியர் பார்த்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடு. மாற்றாமல் பேட்டரியில் வைத்தால் மீட்டர் பியூஸ் போய்விடும், கையும் சுடும்.