ஆகஸ்ட் கடைசியில் கெடு வைக்காதீர்கள்

ஜப்பான்–கொரியா நாடாளுமன்ற உறுப்பினர் ஒன்றியத்துக்கும், சியோலில் இயங்கும் அதன் இணை ஒன்றியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

பகைவராக இருந்த நாடுகள் கைகோப்பதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் மனமாற்றத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் கொரியாவில் நடந்ததை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று தமிழ்நாட்டிலிருந்து யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் படிப்பது ஷரத்துகளை. உங்களுக்கிடையே கையெழுத்தான காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், உறவு முறிந்த இடங்கள் பலவும் ஷரத்துகளிலேயே தெரிகின்றன. கசப்பு தீரும்வரை காத்திராமல் திருத்தக்கூடியவை அவை.

முதலில் ஜிசோமியா எனப்படும் இராணுவத் தகவல் பாதுகாப்பு ஒப்பந்தம். 2016 நவம்பர் 23 அன்று கையெழுத்தானது. ஆயுள் ஓராண்டு. யாரும் மறுக்காவிட்டால் தானாக நீளும்; விலக நினைப்பவர் 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். நவம்பர் 23-லிருந்து 90 நாள் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 24 வாக்கில் வந்து நிற்கிறது. ஆகஸ்ட் 15 கொரியாவுக்கு விடுதலை நாள். அதே நாளில் டோக்கியோவில் அமைச்சர்கள், போர்க்குற்றவாளிகள் உட்படப் போரில் இறந்தவர்களை வணங்கும் யாசுகுனி ஆலயத்துக்குப் போகிறார்களா என்று கேமராக்கள் காத்திருக்கும். ஆண்டிலேயே சூடு மிகுந்த அந்த நாளிலிருந்து ஒன்பது நாள் தள்ளி, ஆண்டுதோறும் ‘இருப்பதா, விலகுவதா’ என்ற கேள்வியை எழுப்பும் ஒப்பந்தம் இது. கையெழுத்துக்கு நாள் குறித்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2019-இல் நடந்தது தெரிந்ததே. ஆகஸ்ட் 22 அன்று சியோல் விலகல் அறிவித்தது. நவம்பர் 22 மாலை, காலாவதியாக ஆறு மணி நேரமே இருந்தபோது அந்த அறிவிப்பை நிறுத்திவைத்தது. அது முழுமையாகச் சீரானது 2023 மார்ச்சில்தான். வடகொரிய ஏவுகணையின் பாதையை இரு கரைகளிலிருந்தும் பார்த்து ஒப்பிட வேண்டிய இரண்டு படைகள், மூன்றாண்டுக்கு மேல் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு கடிதத்தின் தயவில் தகவல் பகிர்ந்தன.

திருத்தம் எளிது. ஆயுளை ஐந்தாண்டாக்குங்கள். முன்னறிவிப்பை 180 நாளாக்கி, கெடுவை ஜனவரியில் விழவையுங்கள். பிப்ரவரி 22 ஷிமானே மாகாணத்தின் ‘தாகேஷிமா நாள்’ (இரு நாடுகளும் உரிமை கோரும் தீவுகள்; கொரியர்களுக்கு அவை தொக்தோ), மார்ச் 1 கொரிய விடுதலை இயக்க நினைவு நாள், ஏப்ரலிலும் அக்டோபரிலும் யாசுகுனி விழாக்கள். நாட்காட்டியில் எஞ்சும் அமைதியான மாதங்கள் சிலவே.

இதைவிட ஆழமான ஓட்டை 1965 ஜூன் 22 அன்று கையெழுத்தான உரிமைக்கோரல் உடன்படிக்கையில் இருக்கிறது. ஜப்பான் தரப்பிலிருந்து 30 கோடி டாலர் மானியம், 20 கோடி டாலர் கடன். உரிமைக்கோரல்கள் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தன என்றது அது. தகராறு வந்தால் என்ன செய்வது என்பதை மூன்றாம் ஷரத்து சொல்கிறது: முதலில் தூதரகப் பேச்சு, முடியாவிட்டால் 30 நாளுக்குள் ஆளுக்கொரு நடுவர், அடுத்த 30 நாளுக்குள் மூன்றாமவர். ஒரு தரப்பு நடுவரை நியமிக்கவே மறுத்தால்? இரு தரப்பும் ஆளுக்கொரு மூன்றாம் நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அந்நாட்டு அரசுகள் நடுவர்களை நியமிக்கும். அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கவும் மறுத்தால், அவருக்குப் பதிலாக நியமிக்கும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை. 2018 அக்டோபர் 30 அன்று, கட்டாய உழைப்புக்கு ஆளான நால்வருக்குத் தலா 10 கோடி வோன் தருமாறு நிப்பான் ஸ்டீல் நிறுவனத்துக்குக் கொரிய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு மே மாதம் ஜப்பான் நடுவர் மன்றம் கேட்டது, கொரியா நடுவரையும் நியமிக்கவில்லை, மூன்றாம் நாட்டையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஜூலையில் கெடு முடிந்தது, ஷரத்தும் அங்கேயே நின்றது.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1960-இல் செய்த சிந்து நதி உடன்படிக்கையில் நடுவர்களை வெளியார் நியமிக்கும் மாற்றுவழி உண்டு. அதனால்தான் இந்தியா கலந்துகொள்ளாமலேயே 2022-இல் ஒரு நடுவர் மன்றம் அமைந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்: மாற்றுவழி இருப்பதாலேயே தகராறு தீர்ந்துவிடாது. ஆனால் வாதிட ஓர் இடமாவது இருக்கும். உங்களிடம் அதுவும் இல்லை. மூன்றாம் ஷரத்துக்கு ஒரு பக்கத் துணை நெறிமுறை போதும்: 60 நாளுக்குள் நியமிக்காவிட்டால் பன்னாட்டு நீதிமன்றத் தலைவர் நியமிப்பார். 1965-இன் மற்ற வரிகளைத் தொட வேண்டாம். தொட்டால் எல்லாமே அவிழும்.

பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் முயற்சிகள் ஏன் தோற்றன என்பதும் பெரிய மர்மமில்லை. 2015 டிசம்பர் 28 அன்று இரு வெளியுறவு அமைச்சர்களும் செய்தியாளர் முன் வாய்மொழியாக அறிவித்ததே ‘ஆறுதல் பெண்கள்’ (ஜப்பானியப் படையினருக்காகப் பாலியல் அடிமைகளாக்கப்பட்டவர்கள்) உடன்பாடு. கையெழுத்திட்ட ஆவணம் இல்லை, அவை ஒப்புதல் இல்லை. ஜப்பான் 100 கோடி யென் தந்தது. அப்போது உயிரோடிருந்த 47 பேரில் 34 பேர் பணத்தை ஏற்றார்கள். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்களை முன்கூட்டிக் கேட்கவில்லை என்ற ஒரே காரணம் அதைச் சாய்க்கப் போதுமானதாக இருந்தது. 2018 நவம்பரில், அந்தப் பணத்தில் அமைந்த அறக்கட்டளையைக் கலைப்பதாகச் சியோல் அறிவித்தது.

கொரிய அரசின் 2023 மார்ச் 6 திட்டமும் அதே வழியில்தான் போனது. கட்டாய உழைப்பு வழக்குகளில் வென்ற 15 வழக்காளிகளுக்கு, ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பதிலாகக் கொரிய அறக்கட்டளையே இழப்பீடு தரும். கொரிய எஃகு நிறுவனமான போஸ்கோ 400 கோடி வோன் போட்டது. வாங்க மறுத்தவர்களின் தொகையை நீதிமன்றத்தில் கட்டப் போனபோது நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. காரணம் கொரிய உரிமையியல் சட்டத்தின் 469-ஆம் பிரிவு: சம்பந்தப்பட்டவர்கள் விரும்பாதபோது கடனை வேறொருவர் அடைக்க முடியாது. திட்டம் வகுத்தவர்கள் இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து புதிய தீர்ப்புகள் வரவர நிதியும் பற்றாக்குறையானது. சியோல் அவையில் ஒரு தனிச் சட்டம், அதில் வாங்குவதா மறுப்பதா என்ற தெரிவு வழக்காளிக்கு, ஜப்பானிய நிறுவனங்கள் தாமாகப் பணம் போடத் திறந்த கணக்கு: இம்மூன்றும் இல்லாமல் இது நிற்காது.

ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை இங்கே இழுக்காதீர்கள். 2019 ஜூலை 4 முதல் ஜப்பானிலிருந்து கொரியாவுக்குப் போகும் ஃப்ளோரினேற்றிய பாலிஇமைடு, ஃபோட்டோரெசிஸ்ட், ஹைட்ரஜன் ஃப்ளூரைடு ஆகிய மூன்றுக்கும் சரக்குக்குச் சரக்கு தனி உரிமம், ஏறத்தாழ 90 நாள் வரை ஆய்வு என்றானது. சில்லு ஆலைகளின் கழுத்தைப் பிடித்த மாதிரிதான். விளைவு, கொரிய நிறுவனங்கள் உள்நாட்டிலேயே மாற்றுத் தேடின. ஜப்பானிய விற்பனையாளர்கள் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். அதற்கு முன் மூன்றாண்டுகளாக இரு நாட்டு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் பேச்சு நடக்கவே இல்லை என்று டோக்கியோவே குறைப்பட்டது. ஆண்டுக்கு இரு கூட்டம் என்பதைச் சட்டமாக்கினால் போதும்.

இரு படைகளும் எரிபொருள், உணவு, தோட்டா போன்றவற்றை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ள உதவும் தளவாடப் பரிமாற்ற ஒப்பந்தம் இன்னும் இல்லை. 2013 டிசம்பரில் தெற்கு சூடானின் ‘போர்’ (Bor) என்ற ஊரில் கொரிய அமைதிப்படைக்கு, ஜப்பானியப் படை 5.56 மி.மீ. தோட்டாக்கள் 10,000 கொடுத்தது. நேரடியாகக் கொடுக்க வழியில்லாததால் ஐ.நா. வழியாகப் போயின; இரு தலைநகரங்களிலும் அரசியல் சண்டை மூண்டது; பின்னர் தோட்டாக்கள் திருப்பித் தரப்பட்டன. முதல் சுற்றில் ஆயுதமும் தோட்டாவும் வேண்டாம். எரிபொருள், உணவு, மருந்து, கடல் மீட்பு உதவி மட்டும் போதும். அதற்குக் கொரிய அவையில் பெரும்பான்மை கிடைக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, மணி ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று. 1974-இல் கையெழுத்தாகி 1978-இல் நடைமுறைக்கு வந்த கண்டத்திட்டுக் கூட்டு மேம்பாட்டு உடன்படிக்கையின் (கடலடி எண்ணெயைச் சேர்ந்து தேடுவதற்கானது) முதல் 50 ஆண்டு ஆயுள் 2028 ஜூன் 22 அன்று முடிகிறது. பரப்பு ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர். 2025 ஜூன் 22 முதல் இருவரில் யார் வேண்டுமானாலும் மூன்றாண்டு முன்னறிவிப்புக் கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம்; கொடுக்காவிட்டால் அது தொடரும். இருவரும் சேராமல் ஒருவர் துளையிட முடியாது என்பது விதி. 1980-களில் கடல் சட்டம் கண்டத்திட்டின் நீட்சியை விட்டுக் கரையிலிருந்து தூரம் என்ற கணக்குக்கு மாறியபின் ஜப்பானுக்கு இதில் ஆர்வம் குறைந்ததும் இயல்பே. அப்படி முடித்துக்கொண்டால் எல்லை வரையாத கடலில் இரு நாட்டுக் கப்பல்களும், பக்கத்தில் சீனக் கப்பல்களும் நிற்கும். எண்ணெய் கிடைக்குமா என்ற விவாதத்தை ஒத்திவைத்து, எல்லை பேசி முடியும்வரை இப்போதைய நிலை தொடரும் என்ற ஒற்றைப் பத்தி நீட்டிப்பை இரு அவைகளிலும் 2027-க்குள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கிழக்காசிய உடன்படிக்கைகளைப் படித்துவரும் தமிழ் வாசகர்கள் சிலர்