வெள்ளிக் கேபிள் வாங்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஏற்காட்டில் தம்பியின் தோட்டத்தில் காபி இந்த வருஷம் நன்றாகக் காய் பிடித்திருக்கிறதாம். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை ஆரம்பித்துவிட்டதால் ஊரெங்கும் மைக் செட்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக் கேபிள் மாட்டினால் ஹெட்போனில் பாட்டு துலக்கமாகக் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னாராம், விலை பதினெட்டாயிரமாம். வாங்காதே.

வெள்ளி செம்பைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும், அது உண்மைதான். ஆனால் எவ்வளவு அதிகம்? சுமார் 6 சதவீதம். எங்கள் தெருவில் கொலுசுக்குக் கம்பி இழுக்கிறவர்களிடம் கொடுத்தால், செம்பையே ஒரு மயிரிழை தடிப்பாக இழுத்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிவிடுவார்கள். வெள்ளி பளபளப்பதால் ஓசையும் பளிச்சென்று இருக்கும், செம்பு சிவந்திருப்பதால் ஓசை இதமாக இருக்கும் என்பதெல்லாம் கண் பார்த்ததைக் காது நம்புவதுதான்.

மைக் செட்காரர்களுக்கு ஒயர் நிஜமாகவே ஒரு பிரச்சினை. 8 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கு மெல்லிய ஒயரை நூறு அடிக்கு இழுத்தால், ஆம்பிளிபயர் அனுப்புவதில் ஒரு பங்கை ஒயரே தின்றுவிடும். அதனால்தான் தூரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு 100 வோல்ட் லைனில் அனுப்பி, ஸ்பீக்கரோடு இருக்கும் டிரான்ஸ்பார்மரில் இறக்கிக்கொள்கிறார்கள். வோல்டேஜ் கூடினால் கரண்ட் குறையும், ஒயரில் போகும் நஷ்டமும் குறையும். கோயில் வாசலிலிருந்து அடுத்த தெருமுனை வரை போகிற ஒயருக்கு இந்தக் கவலை நியாயம்.

உன் கேபிள் நீளம் ஒன்றரை மீட்டர். சாதாரண செம்புக் கேபிளில் போக வர எல்லாம் சேர்த்து அரை ஓம் என்றே வைத்துக்கொள். 32 ஓம் ஹெட்போனில் அது குறைக்கும் சத்தம் 0.13 டெசிபல். 300 ஓம் என்றால் 0.015 டெசிபல்கூட இல்லை. ஒரு டெசிபல் மாறினாலே பலருக்குப் பிடிபடாது. உயர்ந்த சுரங்கள் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும் என்று ஒரு கதையும் சொல்வார்கள். 20,000 ஹெர்ட்ஸில், அதாவது காதுக்கு எட்டும் மிக உயர்ந்த சுரத்திலும், செம்பில் மின்சாரம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆழம் இறங்கும்; ஹெட்போன் கேபிளின் இழைகள் அதைவிட மிக மெல்லியவை, அதனால் இழை முழுவதிலும் ஓடும்.

ஒரே ஒரு இடத்தில் கேபிளுக்கு வேலை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போன்களில், உள்ளே பல டிரைவர்கள் (ஓசை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்கள்) வைத்த சில வகைகளுக்கு எல்லா சுரத்துக்கும் ஒரே ஓம் இருக்காது. ஓர் இடத்தில் 40, இன்னோர் இடத்தில் 5 என்று ஏறி இறங்கும். அப்படிப்பட்டதில் 1 ஓம் கேபிளைப் போட்டால், 40 ஓம் இருக்கும் இடத்தில் 0.2 டெசிபல்தான் குறையும், 5 ஓம் இருக்கும் இடத்திலோ 1.6. பாட்டின் நிறமே கொஞ்சம் மாறுவது காதில் விழும். அதற்கும் மருந்து ஓம் குறைந்த கேபிள்தான், வெள்ளி அல்ல.

அப்படியானால் இத்தனை பேர் வித்தியாசம் கேட்டதாகச் சொல்கிறார்களே என்பாய். அவர்கள் பொய் சொல்லவில்லை. பல சமயம் புதுக் கேபிளோடு இடது, வலது காதுக்குத் தனித்தனி ஒயர் ஜோடி போகும் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு பிளக்கும் வரும். சில கருவிகளில் அந்தத் துளையில் இரட்டை வோல்டேஜ் கிடைக்கும், அதாவது 6 டெசிபல் கூடுதல் சத்தம். சத்தம் ஏறினால் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் நிறைவாகக் கேட்கும், அது நம் காதின் இயல்பு. புகழ் முழுக்கக் கேபிளுக்குப் போய்விடும். அக்கா மகன் இப்படி ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு கேபிளுக்கும் ஒரே மாதிரி பிளக், மீட்டர் வைத்துச் சத்தத்தைச் சமன் செய்து, எது மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் மாறி மாறிக் கேட்டோம். எது எதுவென்று அவனாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

உன் ஹெட்போன் வாங்கி வருஷக்கணக்காகிறதே, காதுப் பஞ்சு அமுங்கித் தோல் உரிந்திருக்குமே? பணம் போட வேண்டிய இடம் அதுதான். பஞ்சு தட்டையானால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் மாறுகிறது, ஓரத்தில் காற்று கசிந்து மிருதங்கத்தின் தொப்பி ஓசை வெளியே போய்விடுகிறது. இது அளந்து பார்க்கக்கூடிய மாற்றம், உன் காதுக்கும் நிச்சயம் தெரியும். கேபிள் அறுந்திருந்தாலோ, சட்டையில் உரசும்போது கரகரவென்று காதில் கேட்டாலோ, மிருதுவான செம்புக் கேபிள் ஒன்று வாங்கிக்கொள், சில நூறு ரூபாயில் முடியும்.

கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுக்கவில்லையே? அடுத்த கடிதத்தில் ஹெட்போனின் மாடலையும் பெட்டியில் போட்டிருக்கும் ஓமையும் எழுது. அதற்குப் பொருந்தும் பஞ்சை இங்கே விசாரித்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மணி