பூனை இருக்கும் வீட்டின் மரச்சாமான்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழுதுபார்க்கவும் மெருகேற்றவும் எங்கள் பட்டறைக்கு மரச்சாமான்கள் வரும்போது, மரம் எது, எத்தனை ஆண்டுப் பழையது என்று கேட்பதற்கு முன்பே, வீட்டில் பூனை இருக்கிறதா என்று நாங்கள் இப்போது கேட்கிறோம். இருக்கிறது என்றால், மெத்தைத் துணி மாற்றும் வேலையைச் சில வாரங்கள் தள்ளிவைக்கச் சொல்கிறோம். வேலையைத் தட்டிக்கழிக்கிறோமோ என்று உங்களில் சிலர் வருந்தியதை அறிவோம். அதற்கான காரணத்தை விளக்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

தாத்தா காலத்துக் கைநாற்காலி ஒன்றுக்கு, நூல் நிறம் வரை பொருத்தம் பார்த்து, புதுத் துணி தைத்துக் கொடுத்தோம். மூன்றே வாரத்தில் அதே மூலை, அதே உயரத்தில், மீண்டும் நார்நாராகக் கிழிந்து எங்களிடம் வந்தது. வந்தவர், பூனையை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தவறு பூனையுடையது அன்று, அவருடையதும் அன்று. கிழிந்த துணியை மட்டும் பார்த்துவிட்டு, அந்த நாற்காலி வீட்டில் எங்கே நிற்கிறது என்று கேட்காமல் விட்ட எங்களுடையது. அன்று முதல்தான் இந்தக் கேள்வி வந்தது.

பூனை பிறாண்டுவது குறும்பும் அன்று, பழிவாங்கலும் அன்று. நகத்தின் மேலுறை முதிர்ந்ததும் அதை உரித்துவிட வேண்டும். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டிச் சோம்பல் முறிக்க வேண்டும். பாதங்களில் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து இது என் இடம் என்று குறிக்கவும் வேண்டும். இந்த மூன்றுக்கும் அது தேடுவது ஒன்றைத்தான்: தன் முழு நீளத்துக்கு நிமிர்ந்து இழுத்தாலும் ஆடாத, நகம் இறங்கக்கூடிய ஒரு பொருள். குடும்பத்தில் தலைமுறையாக இருக்கும் கனத்த நாற்காலி இதற்கு மிகப் பொருத்தமானது. வீட்டார் அதிகம் புழங்கும் கூடத்தில் அது நிற்பதும், எல்லோருடைய வாசனையும் அதில் ஊறியிருப்பதும் பூனையை இன்னும் ஈர்க்கின்றன.

எனவே துணிக்கு முன்னால் செய்ய வேண்டியது மாற்றிடம் அமைப்பது. கற்றாழை நார்க் கயிறு நெருக்கமாகச் சுற்றிய, ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரமுள்ள, அடிப்பலகை அகன்று கனமாக இருக்கும் கம்பம் ஒன்றை, நாற்காலியின் சேதமான மூலைக்கு ஒட்டியே நிறுத்துங்கள். பலர் அதை யார் கண்ணிலும் படாத பின்னறையில் வைத்துவிட்டு, பூனை தொடவே இல்லை என்கிறார்கள். தொடாது, அங்கே குறியிட அதற்குக் காரணம் இல்லை. ஒருமுறை சாய்ந்து விழுந்த கம்பத்தின் பக்கமும் அது திரும்பாது. பழகிய பிறகு, நாளுக்குச் சில அங்குலமாக, நீங்கள் விரும்பும் இடத்துக்கு நகர்த்தலாம். சில பூனைகள் தரையில் கிடத்திய அட்டையையே விரும்பும். அவை ஏற்கெனவே எதைக் கிழிக்கின்றன என்பதைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். அதட்டுவதாலும் தண்ணீர் தெளிப்பதாலும் பயன் இல்லை: அச்சம் கூடினால் சில பூனைகள் முன்னிலும் அதிகமாகக் குறியிடும்.

நக நுனியை இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியைத் தொடாமல் வெட்டினால் சேதம் பெரிதும் குறையும். நகத்தையே அகற்றிவிடும் அறுவையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றே. அது நகம் வெட்டுவதைப் போன்றதன்று. ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் துண்டிப்பது. பல நாடுகள் அதைத் தடைசெய்திருக்கின்றன. எந்த நாற்காலிக்காகவும் அதைச் செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

துணி மாற்றும் காலம் வரும்போது, இழை வளையம் வளையமாக மேலெழும் முரட்டு நெசவைத் தவிர்க்கச் சொல்வோம். நகம் மாட்டினால் ஒரே இழுப்பில் நூல் உருவிவிடும். நெருக்கமான நெசவும், வெட்டிய இழையுள்ள வெல்வெட்டும் நன்கு தாங்குகின்றன. தோலுறை அழகானதுதான், ஆனால் ஆழக் கீறினால் அந்தத் தடத்தை எங்களால் முழுவதும் மறைக்க முடியாது. பிரிந்து தொங்கும் நூலை மட்டும் உடனே கத்தரித்துவிடுங்கள். பூனை அதை விழுங்கினால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மரப்பகுதியைப் பொறுத்தவரை, பழைய பொருள்கள் பலவற்றில் இருப்பது அரக்கு மெருகு. அதில் விழுந்த மெல்லிய கீறலைச் சரிசெய்வது எளிது, ஏனெனில் புதிதாகப் பூசும் அரக்கு பழையதைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். ஆனால் அம்மோனியா கலந்த துடைப்பான் அந்த மெருகைக் கரைத்துவிடும். அதன் நெடி பூனையை மீண்டும் அங்கேயே சிறுநீர் கழிக்கத் தூண்டவும் கூடும். ஆகவே சிறுநீர் பட்டால் உடனே ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். மெத்தையில் பட்டிருந்தால் நொதி கலந்த துப்புரவு நீர்மம் தேவை. சிறுநீர் விட்டுச்செல்லும் யூரிக் அமிலப் படிகங்கள் சோப்பு நீரில் போவதில்லை. பழகிய பூனை திடீரெனக் கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அன்றே, அந்த நேரமே கொண்டுசெல்ல வேண்டும். நாற்காலியை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

பூனையை விரட்டுவதற்காக எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களையோ தேயிலை மர எண்ணெயையோ மரத்தில் பூசாதீர்கள். பூனை பாதத்தை நக்கும்போது அவை உள்ளே சென்று நஞ்சாகும். ஒட்டும் பட்டையைத் துணியில் ஒட்டலாம். பழைய மெருகின்மேல் ஒட்டினால் உரிக்கும்போது மெருகும் சேர்ந்து வரும்.

எங்கள் கேள்விக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவே முதன்மையானது. மரத்தைத் துளைக்கும் வண்டுகளுக்கு எதிராகப் பூசும் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறது. மனிதருக்கும் நாய்க்கும் ஓரளவு தாங்கக்கூடிய அந்த மருந்தைப் பூனையின் கல்லீரலால் போதிய வேகத்தில் சிதைக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகலாம். பூனை இருக்கும் வீடு என்று சொன்னால், அந்த மருந்தை நாங்கள் தொடவே மாட்டோம். வேறு யாரிடமாவது கொடுத்து மருந்து பூசியிருந்தால், அதையும் தயங்காமல் எங்களிடம் தெரிவியுங்கள்.

இனிப் பழுதுக்குப் படம் அனுப்பும்போது, சேதமான இடத்தின் படத்தோடு, அந்தப் பொருள் அறையில் நிற்கும் இடத்தையும் சற்றுத் தள்ளி நின்று எடுத்து அனுப்பக் கோருகிறோம். கம்பத்தை எங்கே வைக்கலாம் என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எல்லாத் தடங்களையும் நீக்க வேண்டுமா என்பதையும் எழுதுங்கள். இறந்துபோன பூனையின் கீறல்கள் என்று, கைப்பிடியின் அடிப்புறத்தை மட்டும் அப்படியே விடச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் உப்புத்தாள் படாமல் பார்த்துக்கொண்டோம்.

அன்புடன்,
பட்டறையினர்