பழைய செங்கல்லும் புதிய சுவரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இடிக்கும் கட்டடத்தின் செங்கல் மறுபடி உதவுமா என்பதை அதன் சாந்தே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சுத்தியலால் மெல்லத் தட்டினாலே கல் முழுதாகக் கழன்று வரும். சிமென்ட் சாந்தோ இறுகப் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் கல் உடைந்து வெறும் இடிபாடாகத்தான் மிஞ்சும். ஆகவே, மறுபயன்பாட்டைப் பற்றிய பேச்சு இன்று குழைக்கும் சாந்திலிருந்தே தொடங்க வேண்டும். சீனாவின் நிங்போ அருங்காட்சியகச் சுவர்களை, இடிக்கப்பட்ட கிராமங்களின் செங்கற்களையும் ஓடுகளையும் கொண்டு எழுப்பிய கட்டடக் கலைஞர் வாங் ஷுவுக்கு 2012-இல் கட்டடக்கலைக்கான உயரிய பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. (அலங்காரத்துக்காகப் பழைய கதவொன்றை நெடுந்தொலைவிலிருந்து லாரியில் வரவழைப்பது மறுபயன்பாட்டுக் கணக்கில் சேராது.) வரைபடம் போடுவதற்கு முன்பே அருகில் கிடைக்கும் பழைய பொருள்களைப் பார்த்து, கைக்கு வந்த மர உத்தரத்தின் நீளத்துக்கேற்ப அறையின் அகலத்தை வடிவமைப்பாளர் முடிவு செய்வதே முறை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்