கொழுகொழு பிள்ளைக்கும் மாலைக்கண் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். மகளும் மருமகனும் மலைக்கு மேலே கேரளாவில் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். நாலு வயதுப் பேரன் கொஞ்ச நாள் அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பான், கொஞ்ச நாள் இங்கே என்னிடம் இருப்பான். நல்ல கொழுகொழு பிள்ளை, கன்னத்தைக் கிள்ளாமல் யாரும் போக மாட்டார்கள், எனக்கும் அதில் பெருமைதான்.

போன ஐப்பசியில் பொழுது சாய்ந்தால் போதும், வாசலை விட்டு இறங்க மாட்டான், என் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக்கொள்வான். பயந்த பிள்ளை என்று நினைத்துவிட்டேன். ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம் இட்லித் தட்டை முன்னால் வைத்தேன், அவன் தட்டுக்குப் பக்கத்தில் தரையைத் தடவுகிறான். "அம்மாச்சி, இட்லி எங்க?" என்று கேட்டதும் அடிவயிறு கலங்கிவிட்டது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, கருவிழியை ஒட்டி வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரை மாதிரி ஒரு சின்னத் திட்டைக் காட்டினார். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் என்றார். எடை 20 கிலோ, உயரம் 100 சென்டிமீட்டர்; அந்த உயரத்துக்கு 15, 16 கிலோ இருந்தால் போதுமாம். குண்டாக இருக்கிற பிள்ளைக்குச் சத்து எப்படிக் குறையும் என்று கேட்டேன். அவன் சாப்பிடுவதைச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது: கட்டன் காப்பியில் முக்கிய பிஸ்கட், குமுளியிலிருந்து வரும் சிப்ஸ், பத்து ரூபாய் பாக்கெட்டுகள், வெறும் சோறு. மாவும் எண்ணெயும் சீனியும் உடம்பைப் பெருக்கும், வைட்டமின் ஏ அதில் ஏது? கொல்லையில் முருங்கை கிளை ஒடிய நிற்கிறது, பப்பாளி பழுத்து அணில் தின்கிறது. கீரை பிடிக்காது என்பான், சரி அழ வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த வைட்டமின் ஏ சொட்டு மருந்து. 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், 5 வயதுக்குள் மொத்தம் 9 தடவை அரசே இலவசமாகத் தருகிறது. இவனுக்குக் கிடைத்தது முதல் இரண்டு தடவை மட்டும். இங்கே கேட்டால், இது கேரளாவில் கொடுத்த தடுப்பூசி அட்டை, அங்கேயே போடுங்கள் என்றார்கள். அங்கே முகாம் நடந்தபோது பிள்ளை இங்கே இருந்தான். ஒருமுறை நர்ஸம்மா இவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இவனுக்கு என்னம்மா சத்துக் குறைச்சல்" என்று அனுப்பிவிட்டார். அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது, நானும் அதையேதான் நினைத்தேன். அளவு மீறினாலும் ஆபத்தான மருந்து என்பதால் அட்டை தெளிவாக இல்லாவிட்டால் தயங்குகிறார்கள், அதுவும் நியாயம்தான்.

மருந்து கொடுத்த ஒரு வாரத்தில் பேரன் பொழுது சாய்ந்த பிறகும் தெருவில் ஓடினான். ஆனால் எங்களைப் போல எல்லை தாண்டிப் பிழைக்கிற குடும்பங்கள் கூடலூர், கம்பம், போடியில் எத்தனை! 2016-18இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் நாடு முழுக்க 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 18 சதவீதம் பேருக்கு வைட்டமின் ஏ குறைவு என்று டாக்டர் சொன்னார். அதில் மெலிந்தவர்கள் மட்டும்தான் இருப்பார்களா?

இரண்டு மாநில சுகாதாரத் துறைகளும் பேசி, எந்தப் பக்கத்து அட்டையாக இருந்தாலும் கடைசியாக மருந்து கொடுத்த தேதியைப் பார்த்து, ஆறு மாதம் ஆகியிருந்தால் அங்கேயே கொடுக்க வேண்டும். தேதியை இரண்டு பக்கத்தாரும் படிக்கும்படி எண்களில் எழுத வேண்டும். அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் சேர்த்துப் பார்த்து, எடை கூடிய பிள்ளையின் தாயிடமும் என்ன சாப்பிடுகிறான், பொழுது சாய்ந்தால் கண் தெரிகிறதா என்று கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அம்மாச்சி,
கூடலூர், தேனி மாவட்டம்.